இரண்டு நட்சத்திரமும் ஒரு ஜெபக் குறிப்பும்

அன்புள்ள சாமுவுக்கு,

சின்னக்கானலிலிருந்து அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்று முதலில் எழுத வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை நலம்தான். மனதைக் கேட்டால் வேறு பதில் வரும், அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஃபோனில் பேசினால் ‘எம்மா, மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பாய். உன் பெரியப்பா அனுப்பியதை நீ அப்படிக் கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேனே, பாவம் மனிதர், எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டார். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாது. உட்கார்ந்து படி.

இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, நம் ஹோம்ஸ்டேவுக்கு அந்தத் திருப்பூர்ப் பெண் போட்டுவிட்டுப் போன இரண்டு நட்சத்திரமும், அதற்குக் கீழே நீ என்னைப் பற்றி எழுதி வைத்திருக்கிற பதிலும். இன்னொன்று, இந்தக் கிறிஸ்மஸுக்கு நீயும் எஸ்தரும் வரவில்லை என்று நீ சொன்னது. இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டு, இரண்டுக்கும் தனித்தனியாகச் சண்டை போட முந்தாநாள் வரை தயாராக இருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் பெண்டாட்டியும் நீயும் பண்டிகைக்கு இந்த வீட்டுக்கு வர வேண்டும். ரேட்டிங் எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் ரேட்டிங்கிலிருந்து தொடங்கினால்தான் உனக்கு விஷயம் புரியும்.

இந்த வீடு எப்படி ஹோம்ஸ்டே ஆயிற்று என்று உனக்குத் தெரியும். மறந்தவன் மாதிரி பதில் எழுதியிருப்பதால் திரும்பவும் சொல்கிறேன். அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றதும் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் மழையில் நனைந்து தேயிலைக் கொழுந்து எடுத்ததும், அவர் அதைக் காய வைக்கிற டிரையர் முன்னால் வெந்ததும் சேர்ந்துதான் இந்தத் தகரக்கூரை வீடு. நீ பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனபின் இரண்டு அறை சும்மா கிடந்தது. ‘எம்மா, மூணாறுக்கு வாரவனெல்லாம் ரூம் தேடி அலையுதான். நம்ம ரெண்டு ரூமையும் ஆப்புல போட்ருவோம்’ என்று சொன்னது நீ. பஞ்சாயத்து லைசென்சுக்கு நடையாய் நடந்தது அப்பா. படம் எடுத்ததும் நீதான். எந்தப் படத்தை முதலில் போட்டாய்? நான் கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் தட்டில் ஏந்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படத்தை. கீழே என்ன எழுதினாய்? ‘தேயிலைத் தோட்டக் குடும்பத்தோடு வீட்டுப்பிள்ளை போலத் தங்குங்கள்.’ கட்டிலையும் கீசரையும் எல்லோரும் வாடகைக்கு விடுகிறார்கள். நீ என்னையும் சேர்த்து விட்டாய். வாயோடு சேர்த்துத்தான் விட்டாய்.

வந்தவர்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்? யானையைப் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு வந்தேன், யானை வரவில்லை என்று ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டார். அடுத்து வந்த குடும்பம் இருந்தபோது ஒரு கொம்பன் கீழே ஏலக்காட்டில் வந்து நின்று பிளிறிற்று. அவர்களும் மூன்றுதான் போட்டார்கள், பாதுகாப்பு இல்லையாம். நான் காட்டுக்குள் போய் ‘இவங்களுக்கு வா, அவங்களுக்கு வராத’ என்று யானையிடம் சொல்லிவிட்டு வரவா? பனி மலையை மறைத்துவிட்டது என்று ஒருவர் ஒன்றைக் குறைத்தார். பனியைப் பார்க்க வந்த இடத்தில் வெயில் அடித்துவிட்டது என்று இன்னொருவர் குறைத்தார். ஒரு பையன் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கவே விடாமல், இன்னொன்று ஆன்ட்டி, இன்னொன்று ஆன்ட்டி என்று தின்றான். போய் ‘சாப்பாடு சுமார்’ என்று எழுதினான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொன்னவர்கள் ஹோம்ஸ்டே நடத்தியிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் நீ அங்கிருந்து ஃபோன் பண்ணுவாய். ‘எம்மா, நாலு புள்ளி ரெண்டுக்கு வந்துட்டு’ என்று, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்துச் சொல்கிற மாதிரி சொல்வாய். அன்றைக்கு அப்பாவுக்கு வேலை வந்துவிடும், கீசரைத் தட்டுவார், மெத்தையைப் புரட்டுவார். எனக்குத் தூக்கம் வராது. முகம் தெரியாத ஒருத்தன் எழுதிய ஒரு வரி, நெஞ்சில் மீன்முள் மாதிரி நிற்கும். இவ்வளவு நாளில் நான் கற்றுக்கொண்டதை உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பனிக்கும் யானைக்கும் பதில் எழுதாதே, படைத்தவர் பார்த்துக்கொள்வார். கீசருக்குப் பதில் எழுது, ஆனால் எழுதுவதற்கு முன் கீசரைச் சரி பண்ணு. கோபம் வந்த அன்றைக்கு எழுதவே எழுதாதே. நீ இதைத்தான் செய்யவில்லை.

கொழுந்துக் காட்டிலும் எங்களுக்கு மார்க் போட்டார்கள், சாமு. சூப்பர்வைசர் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவுவார். முத்தல் இலை கையில் வந்தால் அங்கேயே எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டி, ‘இது என்னம்மா, மாட்டுக்கா பறிச்ச?’ என்று கேட்டு எடையில் கழிப்பார். அவமானமாக இருக்கும். ஆனால் முகத்துக்கு நேரே நடக்கும். நானும் திரும்பி இரண்டு வார்த்தை கேட்பேன், மழையில் உமக்குப் பறிக்கத் தெரியுமா என்று கேட்பேன், அதோடு அது முடிந்துவிடும். இங்கே அப்படியா? காலையில் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்க வீடு எங்க வீடு மாதிரியே இருக்கு’ என்கிறார்கள். பூப்பாறை வளைவு தாண்டுவதற்குள் எழுதிவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே போகிறவர்களிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

இனி அந்தத் திருப்பூர்க் குடும்பம். அப்பா உனக்குச் சொன்னது பாதி, ஆப்பில் நீ படித்தது பாதி. முழுவதையும் நான் சொல்கிறேன். புருஷனும் பெண்டாட்டியும் ஓர் அறையில், அவனுடைய அம்மாவும் தங்கச்சியும் மற்ற அறையில். அந்தப் பெண் மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாள். சாயங்காலம் அடுப்பங்கரைக்கு வந்து, ‘நான் எதாச்சும் அரிஞ்சு குடுக்கட்டுங்களாம்மா?’ என்றாள். வெங்காயத்தைக் கொடுத்தேன். வெங்காயம் நல்ல சாக்கு, யாரும் எதையும் கேட்காமல் அழலாம். அழுதுகொண்டே சொன்னாள். வயிற்றில் ஒன்று தங்கி, கலைந்துபோய்விட்டதாம். கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். ‘எங்க ஊட்டுக்காரருக்கு மட்டுந்தானுங்க தெரியும். எங்க அத்தைக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா, வேலைக்குப் போனே, வண்டியில போனே, அதனாலதான்னு என்னையத்தான் சொல்லுவாங்க. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கம்மா’ என்றாள். நான் அவள் தலையைத் தடவி, ‘நான் யார்ட்ட தாயி சொல்லப்போறேன்?’ என்றேன். சத்தியமாக மனதாரத்தான் சொன்னேன்.

அவர்கள் சாப்பிட்டு அறைக்குப் போனபின் நானும் அப்பாவும் எப்போதும் போல ஹாலில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். இந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிற எவரையும் பெயர் சொல்லி ஜெபிக்காமல் நான் படுத்ததில்லை என்று உனக்குத் தெரியும். வருகிற விருந்தாளிகளுக்கும் அப்படித்தான். எந்த ஊர், எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை, கீசரும் கம்பளியும் கொடுப்பது மாதிரி இதுவும் என் பங்குக்கு நான் கொடுப்பது. அன்றைக்கு அந்தப் பெண்ணை நினைத்ததும் எனக்குச் சத்தம் எப்போதையும்விடக் கூடிவிட்டது. ‘ஆண்டவரே, இந்தப் பிள்ளை இழந்துபோன அந்தச் சின்ன உயிருக்குப் பதிலாக இரட்டிப்பாய்க் கொடும், மாமியார்க்காரிக்குப் பயந்து மனசுக்குள்ளேயே அழுகிற அவள் கண்ணீரைத் துடையும்’ என்று ஜெபித்தேன். ஹாலுக்கும் மாமியார் படுத்திருந்த அறைக்கும் நடுவில் இருப்பது பிளைவுட் தட்டி. அதுவும் கூரைவரை எட்டாது. நீயும் அப்பாவும் சேர்ந்து அடித்த தட்டிதான்.

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கதவு திறந்தது. அதற்குப் பிறகு அவர்களுடைய அறைக்குள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேச்சு நெடுநேரம் கேட்டது. காலையில் மாமியார் சாப்பிட வரவில்லை. அந்தப் பெண் அரை இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘என்ன தாயி, பிடிக்கலையா?’ என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். ‘நல்லாருந்துச்சுங்கம்மா. நாங்க கெளம்பறமுங்க’ என்றாள். இன்னும் ஒரு நாள் தங்க வேண்டியவர்கள், அப்போதே கிளம்பிப் போனார்கள். அன்றைக்கே எழுதிவிட்டாள், தமிழிலேயே எழுதியிருந்தாள். ‘இடம் அருமை. சாப்பாடு அருமை. நம்பிச் சொன்ன ஒரு சொந்த விஷயத்தை வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்கள். மனம் நொந்து திரும்பினோம்.’ இரண்டு நட்சத்திரம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். நான் யாரிடம் சொன்னேன்? ஆண்டவரிடம் சொன்னேன். உனக்கு ஆசீர்வாதம் கேட்டதற்கு எனக்கு இரண்டு நட்சத்திரமா என்று நாள் முழுவதும் பாத்திரத்தோடு பேசினேன். மறுநாள் பார்த்தால் அதற்குக் கீழே உன் பதில் வந்து உட்கார்ந்திருக்கிறது, இங்கிலீஷில். மொழிமாற்றுகிற பொத்தானை அழுத்தினேன். ‘எனது பழைய தாய் கல்வி அற்றவர். அவர் தனிமையின் மதிப்பு அறியாதவர். இனி அவர் விருந்தினர்களுடன் பேசுவதற்கு அனுமதிக்கப்பட மாட்டார்.’ பழைய தாயாம். புதுத் தாயை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டு அப்பாவிடம் சிரித்தேன். சிரித்து முடித்தபின் அழுகை வந்தது. ‘அனுமதிக்கப்பட மாட்டார்.’ என் வீட்டில், என் அடுப்பங்கரையில், என்னை யாரிடம் பேச விடுவது என்று நீ ஊரறிய எழுதுகிறாய்.

உனக்கு ஃபோன் பண்ணினேன். ‘எம்மா, எழுதலன்னா இன்னும் மோசமாப் போயிரும்’ என்றாய். கிறிஸ்மஸுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். ‘இந்த வருசம் வரல. லீவு இல்ல’ என்றாய். ஓணத்துக்கும் லீவு இல்லை என்றுதான் சொன்னாய். கேரளத்தில் ஓணத்துக்கு லீவு விடாத கம்பெனி எது என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் ஏன் சத்தமாக ஜெபிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். லயத்தில் பிறந்தவள். ஒரே சுவரை இரண்டு வீடு பங்கு போட்டுக்கொண்ட இடம் அது. இந்தப் பக்கம் பிள்ளை இருமினால் அந்தப் பக்கத்துக்காரி சுக்கைத் தட்டிக்கொண்டு வருவாள். துக்கத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் ஆள் வரும், சொல்லாதவள் தனியாகக் கிடந்து சாவாள் என்று பழகிய உடம்பு இது. மறைத்து வைத்தால் அது நோய், நாலு பேரிடம் சொன்னால் அது மருந்து என்றுதான் நினைத்தேன். நீ மட்டும் சின்ன வயதிலிருந்தே அதை ஏற்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றாய். ‘யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா?’ என்று ஆயர் கேட்டதும் சபையில் எழுந்து, என் மகன் கணக்கில் தோற்றுவிட்டான், எல்லோரும் அவனுக்காக ஜெபியுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எஸ்டேட்டில் பார்க்கிறவர்களெல்லாம் உன்னை நிறுத்தி, பெருக்கல் வாய்ப்பாடு கேட்டார்கள். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளிவிட்டு, ‘நீ என்ன ஜெபம் பண்ணுதியா, மைக் போடுதியா?’ என்று கத்தினாய். நான் அதைச் சிரிப்புக்கதையாக இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ ஒரு தடவைகூட அதற்குச் சிரித்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

முந்தாநாள் நான் அந்தத் திருப்பூர்ப் பெண் தங்கிய அறையின் போர்வையை உதறி விரித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஜன்னல் கொக்கியைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். ‘வாயத் தொறந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? ஏன் இப்படிச் செஞ்சேன்னு ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா, நான் கால்ல விழுந்திருப்பேன். அரை இட்லியத் தின்னுட்டு, சிரிச்சிட்டு, ஒரு நாள் முன்னாடியே எந்திரிச்சுப் போறா. அது என்ன பழக்கம்?’ என்று பொரிந்தேன். அப்பா கொக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ‘எஸ்தரும் அப்படித்தான போனா, ஏளா’ என்றார்.

நான் போர்வையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு நீங்கள் வந்திருந்தீர்கள். எஸ்தர் பூண்டு உரித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்காக இருவருமாகக் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ‘யாருக்கும் தெரியாது அத்த, எங்க அம்மாட்டகூட இன்னும் சொல்லல. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன்’ என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தன் தாயிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறாளே என்று. மறுநாள் சாயங்காலம் சபைப் பெண்கள் ஐக்கியக் கூட்டம் நம் வீட்டில். ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டார்கள். நான் சொன்னேன். ஆஸ்பத்திரி பெயரோடு சொன்னேன். அத்தனை பேரும் ஐயோ பாவம் என்றார்கள். ஒருத்தி, ‘கொற யாருக்கு, அவனுக்கா அவளுக்கா?’ என்று கேட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது எஸ்தர் டீத் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்தாள். ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். சிரித்தாள்.

மறுநாள் காலையில் தலைவலி என்றாள். என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், தட்டில் மிச்சம் வைத்ததுதான் நினைவு வருகிறது. ‘போய்ட்டு வாரேன் அத்த’ என்று சொல்லிக்கொண்டுதான் காரில் ஏறினாள். அவள் வேலை அப்படி, களைப்பு, அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் ஃபோன் பண்ணினால் நன்றாகத்தான் பேசுகிறாள். நல்லா இருக்கேன் அத்த, சாப்ட்டேன் அத்த, மாத்திரை போட்டீங்களா அத்த. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மரியாதையான மருமகள் என்று நான் சபையில் மெச்சிக்கொண்டிருந்தேன். அந்தத் திருப்பூர்ப் பெண்ணுக்காவது எழுதிவிட்டுப் போக ஓர் இடம் இருந்தது. என் மருமகள் எங்கே போய் எழுதுவாள்?

நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பிறருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சரி, என்னை விடு. உன்னிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மாட்டேன். நீ அந்தப் பதிலைத் திருப்பூர்ப் பெண்ணுக்கு எழுதவில்லை, சாமு. எனக்கு எழுதினாய். ஈஸ்டரிலிருந்து உன் நெஞ்சில் கிடந்ததை, ஊரார் படிக்கிற இடத்தில், எனக்குத் தெரியாத பாஷையில் எழுதினாய். ‘எம்மா, நீ எஸ்தருக்குச் செஞ்சது தப்பு’ என்று ஒரு வாக்கியம் என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. லீவு இல்லை என்று சொல்ல வந்தது. உன் அம்மா வீட்டு விஷயத்தைச் சபையில் சொன்னாள், நீ உன் அம்மா விஷயத்தை உலகத்துக்கே சொன்னாய். என் மைக் சின்னது. நீ என் பிள்ளை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

அந்தப் பதிலை எடுத்துவிடு. இன்றைக்கே எடு. அதற்குப் பதிலாக நான் சொல்வதைப் போடு, தமிழிலேயே போடு: ‘நீங்கள் எழுதியது உண்மை. தவறு என்னுடையது. மன்னியுங்கள்.’ இவ்வளவு போதும். என்ன தவறு, எதைச் சொன்னேன் என்று விளக்கம் எழுதாதே, விளக்கினால் திரும்பவும் அதையேதான் செய்கிறோம். எங்கள் மற்ற விருந்தினர் எல்லாம் ஐந்து போட்டார்கள் என்று பீற்றிக்கொள்ளாதே. அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டு பலமுறை பார்த்தேன். நான் கூப்பிடும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால்? மன்னிப்புக் கேட்டால் என் பாரம் இறங்கும், அவளுக்கு இன்னொரு சண்டை வரும். அதனால் கூப்பிடவில்லை. அவளாக ஒரு நாள் கூப்பிட்டு ஏசினால் முழுவதும் கேட்பேன்.

ரேட்டிங் நான்குக்குக் கீழே போய்விடும் என்கிறாய். போகட்டும். இனிமேல் குறைந்த நட்சத்திரம் வந்தால், அதை எழுதியவனை நாம் திட்டிக்கொள்ளலாம், அது மனித சுபாவம். திட்டி முடித்தபின், இதே குறையைச் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டு போனவர்கள் நம் வீட்டில் யாராவது உண்டா என்று ஒரு தடவை யோசித்துப் பார். உன் பெண்டாட்டி உனக்கு நட்சத்திரம் போட மாட்டாள். அவள் தட்டில் மிச்சம் வைக்கிறாளா என்று நீதான் பார்க்க வேண்டும். எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

கிறிஸ்மஸ் வாரம் முழுவதற்கும் இரண்டு அறையையும் ஆப்பில் அடைத்துவிட்டோம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே அடைத்தார். உனக்கு அறிவிப்பு வந்திருக்கும், சீசனில் இப்படிச் செய்கிறார்களே என்று பல்லைக் கடித்திருப்பாய். கடி. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் வேறு யாரும் அங்கே படுக்கப் போவதில்லை. தட்டியைக் கூரைவரை ஏற்றி அடிக்கத் தச்சனைச் சொல்லியாயிற்று. பண்டிகைக்கு ஐக்கியத்துப் பெண்கள் பார்க்க வருவார்கள். எஸ்தரைப் பற்றி எவளாவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன்: ‘அத அவகிட்டயும் கேக்காத, எங்கிட்டயும் கேக்காத, டீயக் குடி.’ ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று நீயும் என்னிடம் சொல்லாதே. நல்லதோ கெட்டதோ, அவளுக்குச் சொல்லத் தோன்றினால் அவளே சொல்லட்டும். தோன்றாவிட்டால் கேட்காமல் இருக்கப் பழகுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

நேற்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அப்பா கீர்த்தனையை முடித்துவிட்டு, ‘ஏளா, இன்னைக்கு யாருக்காவ?’ என்று கேட்டார். எஸ்தர் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். உதட்டைக்கூட அசைக்காமல், உள்ளுக்குள்ளேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பழக்கமில்லாததால் மூச்சு முட்டிற்று. கண்ணைத் திறந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘என்ன ஜெபிச்ச?’

‘அது எனக்கும் ஆண்டவருக்கும்.’

‘எங்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?’

‘மாட்டேன்.’

மனிதருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் கூட உட்கார்ந்து ஆமென் சொன்னவனிடம் என்ன ஒளிவு மறைவு என்று கேட்டார். நான் டீயை ஊற்றி வைத்தேன். கோபித்துக்கொண்டு டீ குடிக்காமல் எழுந்து போனார். காலையிலும் பேசவில்லை. இதை எஸ்தரிடம் சொல், சாமு. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், நம்பவும் வேண்டாம். அப்பாவுக்கு ஃபோன் பண்ணிக் கேட்கச் சொல். அவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

அம்மா